பேஸ்மெண்ட் யன்னல் குழிக்கு என்ன செய்யிறது?

கேள்வி: அண்ணை, எங்கட வீடு ஸ்காபரோவில, பழைய பங்களோ. இவர் போன வருசம் தானே நிண்டு பேஸ்மெண்டுக்கு ஃப்ரேம் அடிச்சு ட்ரைவோலும் (ஜிப்சம் பலகை) போட்டிட்டார், யன்னல் மட்டும் அப்பிடியே கிடக்கு. 11 இஞ்சி ஆழக் குழி, உள்ளுக்க வெறும் கொங்கிரீட். எம்டிஎஃப் (மரநாரை அமுக்கிச் செய்த) பலகையை நாலு பக்கமும் ஒட்டி பெயின்ட் அடிச்சா காணும் எண்டுறார். எனக்கு மனம் ஒப்பேல்லை.
— வாசகி, ஸ்காபரோ, கனடா

பதில்: தங்கச்சி, அந்த எம்டிஎஃப் இன்னும் வெட்டேல்லை எண்டால் கொண்டுபோய் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்கோ. நானும் என்ர வீட்டில அதைத்தான் போட்டனான், முதல் விண்டரிலயே கண்ணாடியில வேர்த்த தண்ணி வழிஞ்சு கீழ்ப்பலகை தேத்தண்ணியில தோய்ச்ச பணிஸ் மாதிரி ஊதிப்போச்சு, பெயின்ட் எல்லாம் உரிஞ்சு கழட்டி எறிஞ்சதுதான் மிச்சம்.

சுவரே 8, 10 இஞ்சி, அதுக்கு முன்னால டூ பை ஃபோர் மரச்சட்டம், ட்ரைவோல், யன்னலோ வெளிப்பக்கமா ஒட்டிக்கொண்டு நிக்குது, பிறகு குழி விழாம என்ன செய்யும். பிரச்சினை ஆழமில்லை, அந்தக் கொங்கிரீட்டின்ர குளிர். வீட்டுச் சூட்டுக்காத்து அதில போய் பட்டா தண்ணியாத்தான் நிக்கும், நீங்க மேல எவ்வளவு வடிவா பலகை வைச்சாலும் பின்னால பூஞ்சணம் பிடிக்கும். அதால முதல்ல ஒரு நல்ல மழைக்கு வெளியில இருந்து தண்ணி வருதோ எண்டு பாருங்கோ, வந்தா அதைத் திருத்தாம உள்வேலையைத் தொடாதேங்கோ. வரேல்லை எண்டால் கொங்கிரீட்டில ஒரு இஞ்சித் தடிப்பு ஃபோம் போர்டை (குளிர் மறிக்கிற பலகை) வெட்டி ஒட்டி, யன்னல் ஃப்ரேமைச் சுத்தி உள்ள இடைவெளிக்கு ஸ்ப்ரே ஃபோம் அடியுங்கோ, ஆனா 'யன்னல் கதவுக்கு' எண்டு போட்டிருக்கிற ரின்தான் வேணும், மற்றது ஊதி ஃப்ரேமையே நெளிச்சுப்போடும், பிறகு யன்னல் திறக்க ஏலாது.

அதுக்குப் பிறகுதான் பலகை. பக்கத்துக்கும் மேலுக்கும் நல்ல பிளைவுட் போதும், கீழுக்கு மட்டும் பீவீசி பிளாஸ்டிக் பலகை போடுங்கோ, காசு கூடத்தான், பரவாயில்லை. ஒவ்வொரு பலகையா குழிக்குள்ள தலையை விட்டு அடிக்கப் போகாதேங்கோ, கழுத்துத்தான் பிடிக்கும். நாலையும் நிலத்தில வைச்சு பெட்டி மாதிரி பூட்டி, மூலைக்கு மூலை ரெண்டு பக்கமும் அளந்து ஒரே அளவு வந்தாப் பிறகு அப்பிடியே உள்ள தள்ளி, ஷிம் (மெல்லிய ஆப்பு) குடுத்து ஸ்டட்டோட (சுவர்ச் சட்டத்தோட) முறுக்குங்கோ. இடமிருந்தா பக்கப்பலகை ரெண்டையும் அறைப்பக்கமா கொஞ்சம் விரிச்சு வைச்சா வெளிச்சம் நல்லா இறங்கும், ஆனா அப்ப மூலை நேர்வெட்டா வராது, சரிவா வெட்டவேணும், அவருக்கு அந்தப் பொறுமை இருக்கோ தெரியேல்லை. முன்னால கேசிங் (யன்னலைச் சுத்தி வாற ஓரப்பலகை) அடிக்கேக்க பலகை விளிம்பு கால் இஞ்சி தெரியுற மாதிரி விடுங்கோ, ஒட்ட வைச்சா சின்னப் பிழையும் பளிச்செண்டு தெரியும். மூட்டுக்கு பெயின்ட் பிடிக்கிற கோக்கிங் (இடைவெளி அடைக்கிற பசை) வேணும், வெறும் சிலிக்கோனில பெயின்ட் நிக்காது.

ஒண்டு கேக்க மறந்திட்டியள், அந்த அறையில ஆரும் படுக்கப்போகினமோ? படுக்கையறை இருக்கிற தளத்தில நேர வெளியில போற கதவு இல்லை எண்டால் ஒன்டாரியோ பில்டிங் கோட்படி (மாகாணக் கட்டட விதி) தப்பிற யன்னலின்ர திறந்த வெளி குறைஞ்சது 0.35 சதுர மீட்டர் இருக்கவேணும், உயரமோ அகலமோ 380 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, நெருப்புப் பிடிச்சா அதாலதான் வெளியில ஏறவேணும். யன்னல் உள்பக்கமா மடிஞ்சு திறக்கிறதெண்டால் பெட்டியை முறுக்க முதல் ஒருக்கா முழுசா திறந்து பாருங்கோ, பலகையில முட்டக்கூடும். விண்டருக்கு கறிவேப்பிலைச் சாடியை அந்தப் பலகையில வைக்கிற யோசினை இருந்தா, அதுக்கு வேற யன்னல் பாருங்கோ.