ஜி.என். ராமச்சந்திரனின் கட்டுரைப் பட்டியல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உயிர்இயற்பியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் மாணவி நான். இயற்பியலாளர் ஜி.என். ராமச்சந்திரனின் கட்டுரைப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். வைரம், படிக ஒளியியல், எக்ஸ்ரே, கொலாஜன், பெப்டைடு, ஊடுகதிர்ப் படம், கடைசியில் தர்க்கம் என்று போகிறது. இப்படி ஒரு பட்டியலோடு இன்று யாராவது வேலைக்கு விண்ணப்பித்தால் "எதிலும் ஊன்றாதவர்" என்றுதான் சொல்வார்கள். என் நெறியாளரும் "ஒரே துறையில் நில்" என்கிறார். உண்மையிலேயே ஒருவர் இத்தனை துறைகளில் வேலை செய்ய முடியுமா, இல்லை மாணவர்கள் செய்ததில் அவர் பெயர் சேர்ந்துகொண்டதா? பட்டியலை வைத்து இதை எப்படிக் கண்டுபிடிப்பது? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள மாணவிக்கு,

நீங்கள் பட்டியலைத் துறைவாரியாகப் பிரித்துக்கொண்டு வாசித்திருக்கிறீர்கள். ஆண்டுவாரியாக வாசித்துப் பாருங்கள். ஒரு கட்டுரையில் எங்கே முட்டிக்கொண்டாரோ அங்கேயிருந்துதான் பெரும்பாலும் அடுத்த துறை தொடங்கியிருக்கும்.

1952இல் அவர் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். அதற்கு முன்பு பெங்களூரில் சி.வி. ராமனிடமும் கேம்பிரிட்ஜில் படிகவியலாளர் வூஸ்டரிடமும் பார்த்த வேலையெல்லாம் படிகத்துக்குள் ஒளியும் எக்ஸ்ரேயும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதுதான். சென்னைக்கு வந்திருந்த படிகவியலாளர் ஜே.டி. பெர்னல், தோலிலும் எலும்பிலும் இருக்கும் இழைப் புரதமான கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்றார். ராமச்சந்திரனுக்கு அது உயிரியல் கேள்வியாக அல்ல, விடுபடாத ஓர் எக்ஸ்ரேப் படமாகத்தான் கையில் கிடைத்தது. கொலாஜனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிளைசின். பக்கச் சங்கிலி இல்லாத, இருப்பதிலேயே சிறிய அமினோ அமிலம் அது. மூன்று இழைகள் சேர்ந்து நின்றால் நடுவே இருக்கும் இடுக்கில் அது மட்டும்தான் நுழையும். அப்படியானால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் வர வேண்டும். இந்த மூவிழை அமைப்பை 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து நேச்சரில் வெளியிட்டார். இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருக்கும் திருத்திய வடிவம் 1955இல் வந்தது.

அதே 1955இல் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் மறுப்பு எழுப்பினார்கள். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்றது சென்னை. ஒன்றுதான் என்றார்கள் அவர்கள். சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்பதும் அவர்களுடைய புகார். இங்கேதான் நீங்கள் நின்று பார்க்க வேண்டும். எவ்வளவு நெருங்கினால் அது "அளவுக்கு மீறி"? அதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட எண் கிடையாது. ராமச்சந்திரனும் சசிசேகரனும் ராமகிருஷ்ணனும் அதுவரை தீர்க்கப்பட்டிருந்த படிக அமைப்புகளைத் துழாவி, பிணைப்பில்லாத அணுக்கள் எந்தத் தூரம்வரை நெருங்குகின்றன என்று பட்டியல் போட்டார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு எண்: சாதாரண எல்லை, கடைசி எல்லை. கார்பனும் கார்பனும் 3.2, 3.0 ஆங்ஸ்ட்ராம். ஆக்ஸிஜனும் ஆக்ஸிஜனும் 2.8, 2.7. நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் 2.7, 2.6. ஹைட்ரஜனும் ஹைட்ரஜனும் 2.0, 1.9.

பிறகு நடந்தது வெறும் வடிவியல். அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு அலகு தட்டையானது, அதற்குள் திருகல் கிடையாது. எனவே ஆல்ஃபா கார்பனின் இரு பக்கமும் இருக்கும் இரண்டு சுழற்சிக் கோணங்கள் மட்டுமே மிச்சம்: ஃபை, சை. பிணைப்பு நீளங்களையும் கோணங்களையும் அசையாமல் வைத்துக்கொண்டு, ஃபையையும் சையையும் படிப்படியாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் எல்லா அணு ஜோடிகளின் தூரத்தையும் கணக்கிட்டு அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். ஒரு ஜோடி முட்டினாலும் அந்த இடம் அடிபட்டுப் போகும். முழுக்க மேசைக் கணக்குப்பொறியில் செய்த வேலை. ஃபை, சை இரண்டையும் அச்சுகளாக வைத்து வரைந்ததில் மிஞ்சிய திட்டுகள்தான் 1963இல் மூவர் பெயரிலும் வந்த ராமச்சந்திரன் வரைபடம். கொலாஜன் மறுப்பு வராமல் இருந்திருந்தால் அந்த அட்டவணை போட வேண்டிய தேவையே வந்திருக்காது.

ஊடுகதிர்ப் படமும் (பல எக்ஸ்ரேப் படங்களிலிருந்து உள்ளுருவத்தை மீட்பது) திடீர்த் தாவல் அல்ல. படிகவியலாளர் நாள் முழுக்க ஃபூரியே உருமாற்றத்தோடு, அதாவது ஒரு வடிவத்தை அலைகளாகப் பிரிக்கும் கணக்கோடு, புழங்குகிறவர். 1961இல் சீனிவாசனுடன் நேச்சரில் எழுதிய சிறு கட்டுரை, ஓர் அமைப்பின் வீச்சையும் (அலையின் உயரம்) இன்னொன்றின் ஃபேஸையும் (அலை தொடங்கும் நிலை) சேர்த்து வரைந்தால் ஃபேஸுக்கு உரிய அமைப்பே தெரிகிறது என்று காட்டியது. இந்தக் கைப்பழக்கத்தோடுதான் 1971இல் லட்சுமிநாராயணனுடன் எழுதிய கட்டுரையைப் பார்க்க வேண்டும். பல கோணங்களில் எடுத்த ஊடுகதிர்ப் படங்களை அப்படியே திருப்பிப் பரப்பிக் கூட்டினால் உருவம் வரும், ஆனால் மங்கலாக வரும். ஃபூரியே வழியாகப் போனால் வட்ட ஒழுங்கில் கிடைக்கும் புள்ளிகளைக் கட்டம் கட்டமாக மாற்றும்போது பிழை ஏறும். அவர்கள் சொன்ன வழி: பரப்புவதற்கு முன்பே ஒவ்வொரு படத்தையும் ஓர் எண் வரிசையோடு கன்வல்யூஷன் (வரிசையை நகர்த்தி நகர்த்திப் பெருக்கிக் கூட்டுவது) செய்துவிடுங்கள். புள்ளி இடைவெளி ஒன்று என்று கொண்டால், நடுவில் கால். இரட்டைப்படை இடங்களில் பூஜ்யம். ஒற்றைப்படை இடங்களில், அந்த எண்ணின் வர்க்கத்தைப் பையின் (π) வர்க்கத்தால் பெருக்கி, ஒன்றை அதனால் வகுத்து, எதிர்க்குறி போட வேண்டும். முதல் இடத்தில் ஏறக்குறைய −0.101, மூன்றாவதில் −0.011. நடுவிலிருந்து இரு பக்கமும் முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் விடை பூஜ்யம்.

இன்று இதை நிரலாக எழுதுகிறவர்கள் பலர் சறுக்கும் இடமும் இதுதான். எண் வரிசையை எழுதாமல் நேராக அலைவெண் பக்கத்தில் ஒரு சாய்கோட்டை வரைந்து பெருக்குவார்கள். படத்தின் அளவுகள் மொத்தமாகக் கொஞ்சம் நகர்ந்துவிடும். எண் வரிசையை எழுதி, ஓரங்களில் பூஜ்யம் நிரப்பி, பிறகு உருமாற்ற வேண்டும். இருவர் பெயராலும் ராம்–லாக் வடிகட்டி எனப்படும் இந்த எண் வரிசைக்கு, இரைச்சலைப் பெருக்கிவிடுவது பிறவிக் குணம். அதனால்தான் அதன்மேல் மென்மைப்படுத்தும் சாளரம் ஒன்றைப் போடுகிறார்கள். வானொலி வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967இலேயே இதே வழியை எட்டியிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெவ்வேறு துறைக்காரர்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்ததே, கருவி பொதுவானது என்பதற்குச் சாட்சி.

மாணவர்கள் வேலையா என்று கேட்டிருந்தீர்கள். பெயர் வரிசையை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். இன்றைய உயிரியல் வழக்கப்படி நெறியாளர் கடைசியில் வருவார். கணிதத்தில் அகர வரிசை. நான் மேலே சொன்ன கட்டுரைகளில் ராமச்சந்திரன் பெயர் முதலில் இருக்கிறது. இன்றைய கண்ணோடு பார்த்தால் துறைத் தலைவரையே மாணவர் என்று நினைத்துவிடுவோம்! கூட்டாளிகள் மாறும்போது எது மாறாமல் இருக்கிறது என்று பாருங்கள். கர்த்தா, சசிசேகரன், ராமகிருஷ்ணன், சீனிவாசன், லட்சுமிநாராயணன் என்று ஆட்கள் மாறுகிறார்கள். வடிவியலும் ஃபூரியேயும் மாறவில்லை. அவை அவருடையவை. அதற்காகக் கூட்டாளிகள் வெறும் கைகள் என்று ஆகாது. கர்த்தா அமெரிக்கா போய் 1967இல் ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் அமைப்பைத் தீர்த்த மூவரில் ஒருவரானார்.

மேற்கோள் எண்ணிக்கையும் கைவிடும். "ராமச்சந்திரன் வரைபடம்" என்று எழுதிவிட்டு 1963 கட்டுரையைச் சுட்டாமலே போகிறவர்கள் ஏராளம், ஏனென்றால் அது பொதுச்சொல்லாகிவிட்டது. புரதத் தரவு வங்கியின் சரிபார்ப்பு அறிக்கையைத் திறந்தால் அவர் பெயர் இருக்கும், கட்டுரை எண்ணிக்கையில் அது ஏறாது.

எல்லாமே பலித்தது என்றும் நினைக்க வேண்டாம். ஹைட்ரஜன் பிணைப்பு விஷயத்தில் ஒன்று என்ற தரப்பே நின்றது. 1968இல் அவரே இரண்டாவதை நீர் மூலக்கூறு வழியாக வரும் பிணைப்பாக மாற்றி எழுதினார். பிற்காலத் தர்க்கக் கட்டுரைகளைத் தொடர்ந்து எடுத்துச் சென்றவர்கள் அதிகம் இல்லை.

உங்கள் நெறியாளர் சொல்வது முனைவர் பட்டக் காலத்துக்குச் சரி. ராமச்சந்திரனும் அந்த வயதில் படிகத்தை விட்டு நகரவில்லை.

1954, 1963, 1971 ஆகிய மூன்றையும் இதே வரிசையில் படியுங்கள். கடைசி இரண்டும் ஐந்தைந்து பக்கம்தான். 1963 படத்தை இன்றைய வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தால் பொருந்தாது, பதற வேண்டாம். அன்று முழுக்க நீட்டிய சங்கிலிக்குப் பூஜ்யம் என்று கணக்கு. 1970க்குப் பிந்தைய மரபில் அதுவே 180. இன்று −57, −47 என்று எழுதும் ஆல்ஃபா சுருள் அங்கே 123, 133க்குப் பக்கத்தில் இருக்கும். 180ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.