‘மாணவர் 7’ யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் 60 பேர், ஆண்கள் இருவர்தான். எங்கள் ஆசிரியை முனைவர் பட்ட ஆய்வுக்காக, மாணவர்களின் மன அழுத்தம் பற்றிப் பேட்டி எடுத்தார். பெயர் வராது என்று உறுதியளித்தார். துறை நூலகத்தில் வைத்த ஆய்வேட்டுப் பிரதியில் ‘மாணவர் 7, ஆண், முன்பு ஆம்புலன்சில் வேலை பார்த்தவர்’ என்று போட்டு, தூக்க மாத்திரை பற்றி நான் சொன்னதை அப்படியே சேர்த்திருக்கிறார். இப்போது வார்டில்கூட என்னை ‘ஏழு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். வழக்குத் தொடரலாமா?

பதில்: ஆண்கள் இருவரே உள்ள வகுப்பில் ‘ஆண்’ என்று எழுதியபோதே பாதி வெளிவந்துவிட்டது, மீதியை ஆம்புலன்ஸ் சொல்லிவிட்டது. (உங்கள் கடிதத்தில் ஊரை நீக்கி, வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். அதே தவற்றை நானும் செய்யக் கூடாதல்லவா?)

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், மாணவர்களை எளிதில் பாதிப்புக்குள்ளாகக்கூடியவர்களாகவே கருதுகின்றன. இன்டர்னல் மதிப்பெண் போடுகிறவரே ஒப்புதல் படிவத்தை நீட்டினால் எந்த மாணவர் மறுப்பார்? கையெழுத்துப் போட்டிருந்தாலும் எந்தக் கட்டத்திலும் விலகிக்கொள்ளலாம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. உங்களுடையது அரசுக் கல்லூரி என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (உரிமை மீறலுக்கு எதிராக நேரடியாகப் போடும் மனு) போட வழி உண்டு. தனியார் கல்லூரி என்றால் அது கடினம். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இப்போதைக்கு நம்ப வேண்டாம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். ஆராய்ச்சிக்கு அதில் விலக்கும் இருக்கிறது.

ஆகவே வழக்கு கடைசிப் படியாக இருக்கட்டும். ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் கல்லூரி நெறிமுறைக் குழுவின் உறுப்பினர் செயலருக்கு இன்றே எழுத்தில் மனு கொடுங்கள். ‘என் ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன், என் பேட்டிப் பகுதியை நீக்க வேண்டும், துறை நூலகப் பிரதியைத் திரும்ப எடுக்க வேண்டும்’ என்று பக்க எண்ணோடு குறிப்பிடுங்கள். ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன்பே இது நடக்க வேண்டும். இணையத்தில் ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு. மனுவின் இன்னொரு பிரதியில் தேதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகல் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் அதையும் அதே மனுவில் கேளுங்கள். பெயர் வராது என்ற உறுதி அதில் எழுத்தில் இருந்தால், உங்களுக்கு வேறு சாட்சி தேவைப்படாது.