மிராசு வீட்டுத் துப்பாக்கிகள்: கட்டையும் குழலும் (கேள்வி-பதில்)

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே வகைத் துப்பாக்கியைப் பற்றியவை. சேற்று வயல்களில் உள்ளானும் ஏரிகளில் தாராவும் சுடுவதற்காகத் தாத்தா காலத்தில் வாங்கப்பட்டு, 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேலையற்றுப் பீரோவுக்குள் கிடக்கும் பன்னிரண்டு போர் (குழல் துளையின் அளவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்) இரட்டைக் குழல் துப்பாக்கி அது. ரைஃபிள் பற்றியும் ஒருவர் கேட்டிருக்கிறார். உரிமம் நடப்பில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன். உரிமதாரர் காலமாகியிருந்தால், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தம் பெயருக்கு உரிமம் கோர வேண்டும். மெருகேற்றுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் துப்பாக்கியைத் திறந்து, குழல்கள் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். இதை ஒவ்வொரு பதிலிலும் திரும்பச் சொல்லவில்லை.

மன்னார்குடி வாசகர்: கட்டை கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கிறது. வருடா வருடம் தேங்காய் எண்ணெய் தடவித்தான் வைத்திருந்தோம். உப்புத்தாள் போட்டு இழைத்துவிட்டுப் புதிதாகப் பாலிஷ் போடலாமா?

உப்புத்தாளை இப்போதைக்கு எடுக்காதீர்கள். பிசுபிசுப்புக்குக் காரணமே அந்தத் தேங்காய் எண்ணெய்தான். ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை ஏற்று மெல்ல இறுகி மரத்துக்குள்ளேயே கெட்டியாகிவிடும். தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணம் கிடையாது. எத்தனை வருடமானாலும் அது எண்ணெயாகவே இருந்து, கை வியர்வையையும் தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். நல்லெண்ணெய் அரைகுறையாக உலர்ந்து கோந்துபோல் ஆகிவிடும் என்பதால் அதுவும் உதவாது.

முதலில் மினரல் டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த பழைய பருத்தித் துணியால், துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். பிடிக்கும் இடத்தில் வெட்டப்பட்டுள்ள சதுரக் கோடுகளுக்குள் அடைந்த அழுக்கை மிருதுவான பல் துலக்கும் பிரஷால் கோட்டின் போக்கிலேயே தேய்த்து எடுக்கலாம். பிறகு, வெளியில் தெரியாத ஓரிடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துப் பாருங்கள். மேற்பூச்சு இளகினால் அது அரக்கில் செய்த பிரெஞ்சு பாலிஷ், யாரோ இடையில் போட்டது. ஸ்பிரிட்டைக் கொண்டே அதை முழுவதும் எடுத்துவிடலாம். இளகவில்லையென்றால், பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகளில் வழக்கமான எண்ணெய் மெருகாக இருக்க வாய்ப்புண்டு. அது நல்ல செய்தி. அதன்மீது மேலும் எண்ணெய் ஏற்றினாலே போதுமானது.

கட்டையின் தலைப்பகுதி, அதாவது இரும்போடு சேரும் இடம், மற்ற இடங்களைவிட மிகவும் கறுத்திருந்தால் அது வயதின் நிறமன்று. குழலை மேல்நோக்கி நிறுத்தி வைத்தபோது உள்ளே விட்ட எண்ணெயெல்லாம் வடிந்து அங்கே ஊறியிருக்கிறது; அப்படி ஊறிய மரம் நாளடைவில் பஞ்சுபோல் மென்மையாகி, சுடும் அதிர்ச்சியைத் தாங்காமல் பிளக்கும். பெயிண்ட் கடையில் கிடைக்கும் சாக் பவுடரை அசிடோனில் குழைத்து அந்த இடத்தில் கெட்டியாக அப்பி, உலர்ந்ததும் பிரஷால் தட்டி எடுங்கள். முதல் முறை பொடி காப்பி நிறத்தில் வரும். பொடி வெண்மையாகவே உதிரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். சாக் பவுடருக்குப் பதிலாக வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைப் பயன்படுத்திவிடாதீர்கள். அதன் காரம் கட்டையின் வால்நட் மரத்தைக் கறுக்கச் செய்யும்.

மரம் சுத்தமான பிறகு, டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் என்ற பெயரில் விற்கப்படும் எண்ணெயில் சில சொட்டுகளை மட்டும் உள்ளங்கையில் விட்டு, கை சூடேறும்வரை கட்டையில் தேயுங்கள். கால் மணி நேரம் கழித்து மேலே தங்கியதை முழுவதும் துடைத்துவிட வேண்டும். சித்திரையில் ஒரு நாளில் உலரும் பூச்சு, ஐப்பசி அடைமழையில் மூன்று நாளானாலும் ஒட்டும். முந்தையது உலராமல் அடுத்ததைப் போட்டால் மறுபடியும் பிசுபிசுப்பில்தான் போய் நிற்பீர்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், உலரும்போது உண்டாகும் வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றும். துணியை விரித்துக் கொடியில் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்திவிடுங்கள்.

உப்புத்தாள் வேண்டாம் என்றதற்கு வருகிறேன். கட்டை இரும்போடு சேரும் விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள்: செய்தவர் மரத்தை இரும்பைவிட மயிரிழை உயரமாக விட்டிருப்பார். அந்த மயிரிழை ஒருமுறை இழைக்கப்பட்டால் இரும்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்; அதைத் திரும்பக் கொண்டுவர எந்த ஆசாரியாலும் முடியாது.

தஞ்சாவூர் வாசகர்: எங்கள் வீட்டு ஆசாரி, கதவுக்குப் போட்டதைப் போலவே பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ் போட்டால் கண்ணாடிபோல இருக்கும் என்கிறார்.

கண்ணாடிபோல இருக்கும் என்பது உண்மைதான், குறையும் அதுவே. அது மரத்தின்மேல் ஒரு படலமாக நிற்கும். கட்டை எங்காவது இடிபட்டால் படலம் சில்லாகப் பெயரும். பெயர்ந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியாமல் முழுக்கச் சுரண்ட வேண்டிவரும். எண்ணெய் மெருகில் கீறல் விழுந்தால் இரண்டு சொட்டு எண்ணெயோடு வேலை முடிந்துவிடும். மேலும், ஆசாரி கைவேலை செய்வதானால் உங்கள் வீட்டில், உங்கள் கண்முன்னால் செய்யட்டும். சட்டப்படி துப்பாக்கியின் பாகங்களும் துப்பாக்கியாகவே கருதப்படுவதால், எதையும் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

கும்பகோணம் வாசகர்: குழலில் துரு படிந்திருக்கிறது. இங்கே பாத்திரப் பட்டறையில் பஃபிங் சக்கரத்தில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் பளபளப்பாகிவிடாதா?

ஆகிவிடும், ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் துப்பாக்கியின் மதிப்பில் பாதி போய்விடும். பஃபிங் சக்கரம் குத்துவிளக்கின் வளைவுகளுக்கு ஏற்றது. துப்பாக்கியில் அது கூர்மையான விளிம்புகளை மழுக்கும், திருகுத் துளைகளைச் சுற்றிப் பள்ளம் விழச்செய்யும், செதுக்கு வேலையைத் தேய்க்கும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, வரிசை எண் தேய்ந்துபோனால் ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி அது அடையாளக் குறியை அழித்த குற்றமாகப் பார்க்கப்படும். உரிமம் இல்லாத பட்டறைக்காரர் கையில் துப்பாக்கியைக் கொடுப்பதும் தனிக் குற்றம்.

மேலோட்டமான துருவுக்குத் தையல் மெஷின் எண்ணெயை ஒரு நாள் ஊறவிட்டு, மிக மெல்லிய ஸ்டீல் உல்லால் ஒரே திசையில், குழலின் நீளவாக்கில், அழுத்தாமல் தேயுங்கள். சிவப்புத் துரு எண்ணெயோடு சேறாகிக் கழன்று வரும்; அடியிலுள்ள கருநீலம், அதாவது இரும்பைக் காக்க ஏற்றிய கருநீலப் பூச்சு, பெரும்பாலும் அப்படியே இருப்பதைக் காண்பீர்கள். குழிவிழுந்த இடங்களை அப்படியே விட்டுவிடுங்கள். குழியின் ஆழத்துக்கு மற்ற இடத்தையெல்லாம் தேய்த்துச் சமன் செய்வது குழலின் கனத்தைக் குறைக்கும் வேலையாகும்.

திருத்துறைப்பூண்டி வாசகர்: புளியும் உப்பும் போட்டுத் துலக்கலாம் என்று பாட்டி சொல்கிறார்.

பித்தளைக்குப் பாட்டி சொல்வது சரி. இரும்பில் புளியின் அமிலம் துருவோடு சேர்த்துக் கருநீலப் பூச்சையும் கரைத்துவிடும். உப்பு அந்த இடத்தில் தங்கி அடுத்த துருவை வரவழைக்கும்.

திருக்காட்டுப்பள்ளி வாசகர்: இஷாப்பூர் தொழிற்சாலையின் 315 போர் ரைஃபிள் ஒன்று இருக்கிறது. குழல் சாம்பல் நிறமாக வெளுத்துவிட்டது. வீட்டிலேயே கருநீலம் ஏற்ற முடியுமா? இரட்டைக் குழலுக்கும் அதே முறைதானா?

இந்த இதழில் நீளமாகப் பதில் சொல்லத் தகுந்த கேள்வி இதுதான். கருநீலம் ஏற்ற மூன்று வழிகள் உண்டு.

பாட்டிலில் வரும் குளிர்முறைத் திரவம் முதலாவது. அதில் செலினியமும் செம்பு உப்புகளும் இருக்கின்றன. இரும்பின்மேல் ஒரு கறுப்புப் படிவை விட்டுச்செல்லும். சிறு கீறலை மறைக்க உதவும், அவ்வளவே. முழுக் குழலுக்கும் பூசினால் திட்டுத்திட்டாக நிற்பதோடு, துருவையும் அதிகம் தடுக்காது. திரவம் நச்சுத்தன்மை கொண்டது என்பதால் கையுறை அவசியம்.

காரச் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்து ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தொட்டியில் அமிழ்த்துவது இரண்டாவது. இதை வீட்டில் செய்யவே கூடாது. இரட்டைக் குழல் துப்பாக்கிக்கோ இதைத் தொழிற்கூடத்தில்கூடச் செய்யக்கூடாது. இரண்டு குழல்களையும் நடுவிலுள்ள பட்டையையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு. கொதிக்கும் காரம் அந்தப் பற்றாசை அரித்துவிடும். வெளியே எடுக்கும்போது அழகாகத்தான் இருக்கும், பட்டை கழன்று வருவது பிறகு தெரியும்.

மூன்றாவது, மெதுவான துருமுறை. பழைய துப்பாக்கிகளுக்கு உரிய முறை இதுதான், நம் காவிரிப் படுகையின் ஈரக்காற்றும் இதற்கு வாய்ப்பானது. குழலைக் கட்டையிலிருந்து பிரித்து, இருபுறமும் மரக்கட்டையால் அடைத்து, எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் கழுவுங்கள். கழுவிய பின் வெறுங்கையால் தொடக்கூடாது. விரல் ரேகையின் எண்ணெய்கூட அந்த இடத்தில் துரு ஏறவிடாமல் தடுக்கும். துருவை வரவழைக்கும் திரவத்தைப் பிழிந்த பஞ்சால் மெல்லியதாக ஒருமுறை மட்டும் தடவி, ஈரமான அறையில் தொங்கவிடுங்கள். சில மணி நேரத்தில் மெல்லிய செம்மண் பூத்ததுபோல் சீராகத் துரு பரவும். அதைக் கொதிக்கும் தண்ணீரில் கால் மணி நேரம் வைத்தால், சிவப்புத் துரு உங்கள் கண்ணெதிரிலேயே வெல்வெட்டுக் கறுப்பாக மாறும்; துரு மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்ஸைடாக மாறுவதால் நிகழ்வது அது. மேலே நிற்கும் கறுப்புப் பொடியை எண்ணெய் நீக்கிய ஸ்டீல் உல்லால் துடைத்தால் அடியில் வெளிறிய சாம்பல் தெரியும். இதையே ஆறேழு முறை செய்யச் செய்ய நிறம் ஆழமாகிக்கொண்டே போகும்.

கொதிக்கவைக்க ஆழ்குழாய்த் தண்ணீர் வேண்டாம். கடைமடைப் பகுதியில் நிலத்தடி நீர் உப்பு கலந்தது. அதன் குளோரைடு குழலில் வெள்ளைத் திட்டுகளையும் பின்னர் குழிகளையும் உண்டாக்கும். பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீரைக் கேன் கணக்கில் வாங்கிக்கொள்வதே செலவு குறைந்த வழி.

உங்கள் ரைஃபிள் ஒற்றைக் குழல் என்பதால் பொறுமையிருந்தால் இதை முயலலாம். போல்ட்டைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள். விசைப் பகுதியைத் தொடாதீர்கள். இரட்டைக் குழலைப் பொறுத்தவரை முறை இதுவேயானாலும், பட்டைக்கடியில் நீர் புகுந்து தங்கினால் உள்ளிருந்தே துருப்பிடிக்கும் என்பதால், உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியரிடம் விட்டுவிடுவதே என் கருத்து.

வேதாரண்யம் வாசகர்: குழலைத் துடைத்தபோது பாம்புச் சட்டைபோல வளைவு வளைவான கோடுகள் தெரிகின்றன. அடியில் 'நாட் ஃபார் பால்' என்று பொறித்திருக்கிறது. கோடுகளைத் தேய்த்து எடுக்க வேண்டுமா?

தயவுசெய்து எடுக்காதீர்கள். அது டமாஸ்கஸ் குழல்: இரும்புப் பட்டைகளையும் எஃகுப் பட்டைகளையும் முறுக்கி, ஓர் உருளையின்மேல் சுற்றிப் பற்றவைத்து அடித்தது. இரண்டும் வெவ்வேறு விதமாக நிறம் ஏற்பதால் வரும் கோடுகள் அவை; அந்தக் கோட்டுக்காகவே அக்காலத்தில் கூடுதல் விலை கொடுத்தார்கள். அந்த எழுத்துகள் இங்கிலாந்தில் 1875 முதல் 1887 வரை, வாய்ப்பகுதி சற்றுக் குறுக்கப்பட்ட குழல்களில் குண்டு போட்டுச் சுடக்கூடாது என்பதற்காகப் பொறிக்கப்பட்டவை. ஆகவே உங்கள் துப்பாக்கியின் வயதை ஏறக்குறையச் சொல்லிவிடுகின்றன. கரும்பொடி மருந்துக்காகச் செய்யப்பட்ட குழலில் இன்றைய தோட்டாவைப் போடுவது ஆபத்தானது. வெளியே எவ்வளவு அழகாக மெருகேற்றினாலும் அந்த ஆபத்து குறையாது. எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள்; வேறொன்றும் தேவையில்லை.

பாபநாசம் வாசகர்: நன்றாகத் துடைத்து வைத்தும் குழலில் வட்ட வட்டமாகத் துருப் புள்ளிகள் வருகின்றன. பூச்சியாக இருக்குமா?

அந்தப் புள்ளிகள் விரல் நுனி அளவில், ஏறக்குறைய சம இடைவெளியில் இருக்கின்றனவா? அப்படியானால் அது ஆயுத பூஜையின் வேலை. குழைத்த சந்தனத்தில் தண்ணீர் இருக்கிறது. அதன்மேல் குங்குமம் வைத்ததும் அந்த ஈரம் சீக்கிரம் காயாது. பூஜை முடிந்து அப்படியே உறையில் போட்டுவிட்டால், அடுத்துத் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை முழுவதும் அந்தப் பொட்டுக்குக் கீழே இரும்பு அரித்துக்கொண்டே இருக்கும். பூஜையை விட வேண்டியதில்லை. பொட்டைக் கட்டையிலும் வைக்காமல், தோள்வாரிலோ பெட்டியிலோ வைத்துக்கொள்ளலாம். உறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: தோல் உறையும் கான்வாஸ் உறையும் எடுத்துச் செல்வதற்கானவை. மழைக்காலத்தில் அவை ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்திருக்கும்.

பட்டுக்கோட்டை வாசகர்: கட்டையில் ஒரு பள்ளம்.

மர இழை அறுபடாமல் அமுங்கியிருந்தால், ஈரத்துணியை மடித்து வைத்து அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியைச் சில நொடிகள் வையுங்கள். நீராவியில் இழை உப்பி மேலே வரும். அறுபட்டிருந்தால் வராது, பள்ளத்தோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள்.

மயிலாடுதுறை வாசகர்: தேர்தலின்போது ஒப்படைத்த துப்பாக்கி திரும்பி வரும்போது ஒவ்வொரு முறையும் துருவோடு வருகிறது.

பல துப்பாக்கிகள் ஒன்றாக வைக்கப்படும் இடத்தில் உங்கள் ஒன்றை மட்டும் யாரும் தனியே துடைத்து வைக்க மாட்டார்கள்; ஆகவே ஒப்படைக்கும் முன்பே செய்ய வேண்டியதுதான். மெல்லிய எண்ணெய் ஓரிரு வாரங்களில் வடிந்துவிடும் என்பதால், குழலின் உள்ளும் புறமும் துளி கிரீஸ் தடவுங்கள். எண்ணெய் தோய்த்துப் பிழிந்த பருத்தித் துணியைச் சுற்றுங்கள், பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள். பகலில் சூடேறி இரவில் குளிரும்போது பைக்குள் நீர் கோத்துக்கொள்ளும். வரிசை எண்ணையும் அப்போதைய நிலையையும் புகைப்படம் எடுத்து, ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பெற்ற அன்றே கிரீஸைத் துடைத்து, குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உட்புறத்தைப் பார்த்துவிட்டு, மெல்லிய எண்ணெய் போட்டு, குழல்வாய் கீழ்நோக்கி இருக்கும்படி ஒரு துணித் திண்டின்மேல் நிறுத்துங்கள்.