வர்ஜீனியா மாநில செனட் தொகுதியும் நம் குடும்பங்களும்: கேள்வி பதில்

வர்ஜீனியாவின் லவுடன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்றது), ஆஷ்பர்ன் உள்ளிட்ட கிழக்குப் பகுதி மாநில செனட்டின் 32-ஆம் தொகுதிக்குள் வருகிறது. அங்கு வசிக்கும் தமிழ் அன்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு, வாக்குச்சாவடிப் பணியில் அனுபவமுள்ள ஒருவர் இங்கே பதிலளிக்கிறார்.

கேள்வி: மார்க் வார்னரும் டிம் கெய்னும்தான் நம் செனட்டர்கள் என்று நினைத்திருந்தேன். இந்த 32-ஆம் தொகுதி செனட்டர் யார்?

வார்னரும் கெய்னும் வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி செனட்டில் மாநிலம் முழுமைக்குமான உறுப்பினர்கள். 32-ஆம் தொகுதியோ மாநில செனட்டுக்கு உரியது; 2025 ஜனவரி இடைத்தேர்தலில் அங்கு வென்றவர் கண்ணன் ஸ்ரீனிவாசன். மாநில செனட் தலைநகர் ரிச்மண்டில் கூடுகிறது. அதில் 40 உறுப்பினர்கள்; நான்கு ஆண்டுப் பதவிக்காலம்; நாற்பது இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல். கடந்த பொதுத்தேர்தல் 2023 நவம்பரில் நடந்தது, அடுத்தது 2027 நவம்பரில் வரும். நம் ஊர் மாநிலங்களவையைப் போல எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கும் அவை அன்று இது; மக்களே நேரடியாக வாக்களிக்கிறார்கள்.

கேள்வி: இந்தத் தொகுதியின் எல்லையை வகுத்தது யார்? ஆளுங்கட்சியா?

முன்பெல்லாம் சட்டமன்றமே வகுத்தது. தங்களைத் தேர்ந்தெடுப்பவர்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் வசதி உறுப்பினர்களுக்கு இருந்ததால், 2020-இல் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் அரசியல் சட்டத் திருத்தத்தை ஆதரித்து, அப்பொறுப்பை 8 சட்டமன்ற உறுப்பினர்களும் 8 குடிமக்களும் கொண்ட ஆணையத்துக்கு மாற்றினார்கள். அந்த ஆணையம் கட்சி வாரியாகப் பிளவுபட்டு, எந்த வரைபடத்தையும் நிறைவேற்ற முடியாமல் போனது. இறுதியில் மாநில உச்ச நீதிமன்றம், இரு கட்சிகளும் முன்மொழிந்த பெயர்களிலிருந்து கட்சிக்கு ஒருவராக இரண்டு வல்லுநர்களை நியமித்து, அவர்கள் தயாரித்த வரைபடத்தை 2021 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. பதவியில் இருப்பவர்களின் வீடு எங்கே என்று பார்க்காமல் கோடு போட்டதால், சக உறுப்பினர்கள் இருவர் ஒரே தொகுதிக்குள் அடைபட்ட இடங்களும் உண்டு. அதை நான் குறையாக எண்ணவில்லை. தொகுதி மக்களுக்கு உரியது. உறுப்பினருக்கு உரியது அன்று.

கேள்வி: நானும் என் மனைவியும் எச்1பி வேலை விசாவில் இருக்கிறோம், வாக்குரிமை இல்லை. இந்தத் தொகுதிக் கணக்கில் எங்களுக்கு இடம் உண்டா?

உண்டு. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2020 கணக்கெடுப்பின்படி வர்ஜீனியாவின் மக்கள்தொகை 86 லட்சத்து 31 ஆயிரம். அதை நாற்பதால் வகுத்தால் தொகுதிக்குச் சுமார் 2 லட்சத்து 16 ஆயிரம் பேர். அந்தக் கணக்கில் குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், விசாவில் இருப்பவர்கள், நேற்றுப் பிறந்த குழந்தை என எல்லோரும் அடக்கம்.

இதை எதிர்த்து ஒரு வழக்கே நடந்தது. அதுவும் மாநில செனட் தொகுதிகளைப் பற்றியதுதான். டெக்சாசைச் சேர்ந்த வாக்காளர்கள் இருவர், வாக்களிக்கத் தகுதியற்றவர்கள் மிகுதியாக வாழும் தொகுதிகளில் ஒரு வாக்கின் எடை கூடிவிடுகிறது, ஆகவே வாக்காளர்களை மட்டும் எண்ணித் தொகுதிகளைப் பிரிக்க வேண்டும் என்று வாதிட்டார்கள். எவென்வெல் எதிர் ஆபட் என்ற அவ்வழக்கில், 2016-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க், உறுப்பினர்கள் வாக்களிப்பவர்களுக்கு மட்டுமன்றி எல்லாக் குடியிருப்பாளர்களுக்கும் சேவை செய்கிறார்கள் என்பதை அடிப்படையாகக் கொண்டார். ஆனால் ஒரு மாநிலம் விரும்பினால் வாக்காளர்களை மட்டும் எண்ணலாமா என்ற கேள்வியை நீதிமன்றம் முடிவு செய்யாமல் விட்டது. அந்தக் கதவு இன்னும் திறந்தே இருப்பதால், 2030 கணக்கெடுப்புப் படிவம் வரும்போது வீட்டில் உள்ள ஒருவரையும் விடாமல் நிரப்பி அனுப்புங்கள்.

கேள்வி: வாக்கில்லாதவர் எழுதும் கடிதத்தை செனட்டரின் அலுவலகம் மதிக்குமா?

நீங்கள் தொகுதிவாசி என்பதே போதும். குடியுரிமை பற்றிக் கேட்க மாட்டார்கள். வீட்டு முகவரியையும் மசோதா எண்ணையும் முதல் வரியிலேயே குறிப்பிட்டு, அது உங்கள் குடும்பத்தை எப்படித் தொடுகிறது என்பதை உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். காலம் முக்கியம். ஜனவரி இரண்டாம் புதன்கிழமை கூட்டத்தொடர் தொடங்குகிறது. இரட்டைப்படை ஆண்டுகளில் அது ஒன்றரை மாதத்தில் முடிந்துவிடும். பல மசோதாக்கள் துணைக்குழுவிலேயே உயிரிழந்துவிடுவதால், மார்ச் மாதத்தில் எழுதும் கடிதத்தால் பயனில்லை. குழுவின் முன் பேசவும் உங்களுக்கு வாய்ப்புண்டு. ஓரிரு நிமிடங்கள்தான் கிடைக்கும்.

கேள்வி: கிரீன் கார்டு வந்துவிட்டது. மாநிலத் தேர்தலிலாவது வாக்களிக்கலாமா?

கூடாது. டிஎம்வி எனப்படும் வாகனப் பதிவு அலுவலகத்தில் ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும்போது வாக்காளர் பதிவும் உடன் நடக்கும். நீங்கள் அமெரிக்கக் குடிமகனா என்ற கேள்வி வரும். வரிசை நகர்கிறதே என்ற அவசரத்தில் 'ஆம்' என்று தொட்டுவிடாதீர்கள். தவறான பதிவு பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தையே கெடுக்கும். நாடுகடத்தல் வரைகூடப் போகலாம்.

கேள்வி: 2025 ஜனவரியில் திடீரென ஒரு தேர்தல் நடந்ததே, அது எதற்காக?

அது இடைத்தேர்தல். 32-ஆம் தொகுதியின் செனட்டராக இருந்த சுகாஸ் சுப்ரமணியம் 2024 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வானதால் இடம் காலியானது. ஜனவரி 7-இல் நடந்த தேர்தலில், அதுவரை மாநிலக் கீழவை உறுப்பினராக இருந்த ஜனநாயகக் கட்சியின் கண்ணன் ஸ்ரீனிவாசன் வென்றார். மறுநாளே கூட்டத்தொடர் தொடங்கியது. குடியரசுக் கட்சி வசமிருந்த 10-ஆம் தொகுதிக்கும் அதே ஜனவரி 7-இல் இடைத்தேர்தல் நடந்தது. இரண்டு இடங்களும் அக்கட்சிக்குப் போயிருந்தால் அவை 20-20 எனச் சமமாகி, முடிவு அக்கட்சியைச் சேர்ந்த அப்போதைய துணை ஆளுநர் கைக்குப் போயிருக்கும். குளிர்கால விடுமுறையை ஒட்டி வரும் இத்தகைய தேர்தலை நம்மவர்கள் பலர் தவறவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது, ஏனெனில் சிலரே வாக்களிக்கும் நாளில் ஒவ்வொரு வாக்கும் கனம் கூடியது.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் டேட்டா சென்டர் (கணினித் தரவு மையம்) வருகிறது. செனட்டரிடம் முறையிடலாமா?

நில அனுமதிக்கு முதலில் கவுண்டி மேற்பார்வையாளர் குழுவிடம் போங்கள். 2025 மார்ச்சில் அக்குழு விதியை மாற்றி, புதிய மையங்கள் தானாகவே அனுமதி பெறும் வழியை அடைத்தது. ஆனால் மின்கட்டணமும், மையங்களின் கருவிகளுக்குத் தரப்படும் விற்பனை வரி விலக்கும் ரிச்மண்டின் கையில் உள்ளவை. மேலும், மாநிலம் தந்த அதிகாரத்துக்கு மேல் வர்ஜீனியாவில் கவுண்டி எதையும் செய்ய இயலாது. ஆகவே கட்டடம் எங்கே என்பது கவுண்டிக்கும், அதன் மின்செலவு யார் தலையில் என்பது செனட்டருக்கும் வைக்க வேண்டிய கேள்விகள்.

கேள்வி: மகள் இங்கே பிறந்தவள், 2027 செப்டம்பரில் 18 வயதாகும். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஜூன் மாத உட்கட்சித் தேர்தலில் வாக்களிக்க முடியுமா?

முடியும். அவ்வாண்டு நவம்பர் பொதுத்தேர்தலுக்குள் 18 நிறைவதால், அதற்கு முந்தைய உட்கட்சித் தேர்தலிலும் அவர் வாக்களிக்கலாம். வர்ஜீனியாவில் கட்சி வாரியான பதிவு கிடையாது. இரு கட்சிகளும் ஒரே நாளில் தேர்தல் நடத்தினால் ஏதேனும் ஒன்றின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இத்தொகுதி ஒரு கட்சிப் பக்கம் சாய்ந்திருப்பதால், 2023-இல் சுகாஸ் சுப்ரமணியமும் இப்ராகிம் சமீராவும் மோதிய ஜூன் தேர்தலே முக்கியமான களமாக இருந்தது. 2027-இலும் ஜூன் மாதத்தைத் தவறவிடாமல் இருக்க, இப்போதே அவர் பெயரைப் பதிவு செய்ய இயலுமா என்று கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் கேளுங்கள்.