ஏழாம் கட்டளையும் கண்டல் மரமும்: வாசகர் கேள்வி – பதில்

செப்டெம்பர் 1 முதல் ஒக்டோபர் 4 வரை படைப்பைப் பேணுவதற்கான மன்றாட்டுக் காலமாகக் கிறிஸ்தவ சபைகள் கடைப்பிடிக்கும் படைப்பின் காலத்தையொட்டி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே பதிலளிக்கப்படுகின்றன.

கேள்வி: வாவியோரத்தில் எங்களுக்குச் சிறிய காணி ஒன்று உண்டு. இறால் வளர்ப்புக்குக் குளம் வெட்டுவதற்காக, காணிக்கு வெளியே தண்ணீரோரம் நின்ற கண்டல் மரங்களையும் வெட்டினோம். அது பாவம் என்று அண்மையில் மறையுரையில் கேட்டேன். மரம் வெட்டியதைக் குருவிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா?
– வாழைச்சேனை வாசகர்

பதில்: மரம் வெட்டுவது தன்னளவில் பாவமன்று. வீடு கட்டவும் தோணி செய்யவும் மனிதர் என்றும் மரம் வெட்டியே வந்திருக்கின்றனர். திருச்சபை அதைத் தடுக்கவில்லை. உங்கள் செயலில் யாருக்குரிய நன்மை அழிந்தது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் படைப்பைப் பற்றிய கடமையை 2415ஆம் எண்ணில் (பத்தியில்) பேசுகிறது. அந்த எண் ‘களவு செய்யாதே’ என்ற ஏழாம் கட்டளையின் விளக்கத்துக்குள் இடம்பெற்றிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. உயிரினங்கள் மீதும் உயிரற்ற பொருட்கள் மீதும் மனிதருக்குள்ள அதிகாரம் முழுமையானதன்று என்றும், அயலவரின், இன்னும் பிறவாத தலைமுறையினரின் வாழ்வு அதற்கு எல்லை இடுகிறது என்றும் அங்கே கூறப்படுகிறது.

கண்டல் வேர்களுக்கிடையில்தான் இறாலும் மீனும் குஞ்சுப் பருவத்தில் ஒதுங்கி வளர்கின்றன. வாவியில் வீச்சுவலை போட்டு அன்றாடம் பிழைப்பவரிடம் அந்த மரங்களுக்கு உறுதிப்பத்திரம் இல்லை; ஆயினும் அவருடைய வருமானத்தில் ஒரு பங்கு அந்த வேர்களிலிருந்தே வந்தது. கரையை அரிப்பிலிருந்து காப்பதும், புயற்காலத்தில் அலையின் வேகத்தைக் குறைப்பதும் அம்மரங்களே. 1978ஆம் ஆண்டுச் சூறாவளியையும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையையும் கண்ட நம் மாவட்டத்தில் இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. ஆகவே இங்கே நடந்தது அயலவருக்குரியதை எடுத்த செயல். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடலிலும், படைப்புக்கு எதிரான குற்றங்களைப் பாவம் என்றே அழைத்த, ஓர்தொடக்ஸ் சபையின் தலைவரான கொன்ஸ்தாந்திநோப்பிள் மறைமுதுவர் பர்த்தலோமேயுவின் கருத்து எட்டாம் எண்ணில் எடுத்தாளப்படுகிறது.

எனினும் ஒரு செயல் சாவான பாவம், அதாவது கடவுளுறவையே முறிக்கும் பாவம், ஆவதற்குப் பொருளின் கனதி, முழு அறிவு, முழு விருப்பம் ஆகிய மூன்றும் வேண்டும் என்பது பழைய போதனை. அது இங்கும் பொருந்தும். கண்டலின் பயன் தெரியாமல் வெட்டியவரும், தடை இருப்பதை அறிந்தே ஆள் வைத்து இரவில் வெட்டியவரும் ஒரே தட்டில் நிறுக்கப்படமாட்டார்கள். உங்கள் மனச்சான்று உறுத்தினால் பாவசங்கீர்த்தனத்தில் தயங்காமல் சொல்லுங்கள். ஆனால் ஏழாம் கட்டளைக்கு எதிரான குற்றத்தில் மன்னிப்போடு ஈடுசெய்யும் கடமையும் சேர்ந்தே வருகிறது. களவெடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் மனஸ்தாபம் மட்டும் போதாது. இவ்விடயத்தில் ஈடு என்பது அதே கரையில், அதே வகைக் கண்டலை நட்டு, அது வேர் கொள்ளும்வரை ஆட்டு மாட்டிலிருந்து காப்பதாகும். நாற்றைக் கையில் பிடித்துப் படம் எடுத்துவிட்டு வீடு திரும்பும் மரநடுகை விழாக்களை நான் ஈட்டில் சேர்ப்பதில்லை.

கேள்வி: தொடக்க நூலில் மண்ணுலகைக் கீழ்ப்படுத்தி ஆளும்படி கடவுளே சொல்லியிருக்கும்போது, இயற்கையைப் பயன்படுத்தத் தயங்குவது இறைவார்த்தைக்கு முரணாகாதா?
– கல்முனை வாசகர்

பதில்: முதலாம் அதிகாரத்தோடு நூலை மூடிவிட்டால் அப்படித் தோன்றலாம். இரண்டாம் அதிகாரத்தில் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவுமே மனிதர் அங்கே வைக்கப்படுகின்றனர். இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று சுற்றுமடலின் 67ஆம் எண் கூறுகிறது. ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விடும்படியும், ஐம்பதாம் ஆண்டில் காணியை முன்னைய உரிமையாளருக்குத் திருப்பும்படியும் லேவியர் நூல் கட்டளையிடுகிறது. நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடம் தங்கியிருப்பவர்களே என்று அதற்குக் காரணத்தையும் ஆண்டவரே சொல்கிறார். குத்தகைக்கு வயல் செய்யும் எவருக்கும் இது விளங்கும்: விளைச்சல் அவருடையது, வரம்பை வெட்டி எறியும் உரிமை அவருடையதன்று.

கேள்வி: எங்கள் ஊர் இளைஞர் பலர் ஆற்றில் மணல் ஏற்றும் வேலையில் இருக்கின்றனர். மணல் அகழ்வைக் கண்டிக்கும் மறையுரைகளைக் கேட்டு அவர்கள் கோவிலுக்கு வருவதையே குறைத்துவிட்டனர். ஏழைகளின் பிழைப்பைக் கெடுப்பதுதான் சுற்றுச்சூழல் பற்றிய போதனையா?
– செங்கலடி வாசகி

பதில்: அந்த இளைஞர்களின் கோபத்தில் நியாயம் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சுற்றுச்சூழல் நெருக்கடி ஒன்று, சமூக நெருக்கடி வேறொன்று என இரண்டு இல்லை, இரண்டும் பின்னிய ஒரே நெருக்கடிதான் உண்டு என்று சுற்றுமடல் 139ஆம் எண்ணில் கூறுகிறது. பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் ஒன்றாகக் கேட்கும்படி 49ஆம் எண்ணில் வலியுறுத்துகிறது. ஏழையின் கூலியை மறந்து ஆற்றை மட்டும் பேசும் மறையுரை அந்தப் போதனையின் பாதியையே சொல்கிறது.

மறுபாதியையும் சொல்லத்தான் வேண்டும். ஆறு கொண்டுவந்து சேர்க்கும் அளவுக்கு மேல் மணலை அள்ளினால் ஆற்றின் அடித்தளம் தாழ்கிறது, கரைகள் இடிந்து விழுகின்றன, அயற்கிணறுகளின் நீர்மட்டம் இறங்குகிறது, கடலை அண்டிய பகுதிகளில் உவர்நீர் மேலேறி வருகிறது. பணமுள்ளவர் குழாய்க்கிணற்றை ஆழப்படுத்திக்கொள்வார், அல்லது போத்தல் தண்ணீர் வாங்குவார். அந்த இளைஞரின் தாய் குடத்தோடு அடுத்த ஒழுங்கைக்கு நடப்பார். பாதுகாப்பான குடிநீர் அடிப்படை மனித உரிமை என்று திருத்தந்தை 30ஆம் எண்ணில் எழுதியது இதனாலேயே. ஆகையால் ஆற்றைக் காப்பது ஏழைக்கு எதிரான செயல் என்பது கணக்கை ஒரு பக்கம் மட்டும் பார்ப்பதாகும். இன்றைய கூலி ஒருவருக்குக் கிடைக்கிறது, நாளைய தண்ணீரை ஊர் முழுவதும் இழக்கிறது.

பொறுப்பு எல்லோருக்கும் ஒரே அளவினதன்று. மண்வெட்டி பிடிப்பவர், டிப்பர் வைத்திருப்பவர், அனுமதிப்பத்திரத்தில் குறித்த அளவைத் தாண்டி அள்ளச் செய்பவர், அதைக் கண்டும் காணாதிருக்கும் அதிகாரி ஆகியோரின் அறிவும் ஆதாயமும் வேறுபடுகின்றன. குற்றமும் அவ்வாறே வேறுபடும். கண்டனம் கீழேயிருப்பவரின் காதில் மட்டும் விழுமாறு பேசுவது எளிது, ஏனெனில் கோவில் வாங்கில் இருப்பவர் பெரும்பாலும் அவர்தான். ஒரு திட்டத்தின் சூழல் தாக்கத்தை அத்திட்டம் முடிவான பிறகு ஒப்புக்கு ஆராயாமல் தொடக்கத்திலேயே ஆராய வேண்டும் என்றும், அந்த உரையாடலில் அவ்விடத்து மக்களுக்குச் சிறப்பிடம் தர வேண்டும் என்றும் 183ஆம் எண் கேட்கிறது. உங்கள் பங்குச்சபை செய்யக்கூடியது இதுவே: எந்த இடத்தில், எவ்வளவு அள்ள அனுமதி தரப்பட்டிருக்கிறது என்பதைப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்டு, அதை அந்த இளைஞர்களையும் வைத்துக்கொண்டு ஊர்க்கூட்டத்தில் வாசிப்பது. ஆற்றின் எந்த இடம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் எவருமிலர்.

கேள்வி: யானைகள் எங்கள் வயலை அழிக்கின்றன. படைப்பைப் பேணுவதென்றால் யானைக்காக நாங்கள் பட்டினி கிடக்க வேண்டுமா?
– அம்பாறை மாவட்ட விவசாயி

பதில்: இல்லை. எல்லா உயிர்களையும் மனிதரோடு ஒரே நிலையில் வைப்பதைச் சுற்றுமடல் ஏற்கவில்லை. 90ஆம் எண்ணில் அதை வெளிப்படையாகவே மறுக்கிறது. பயிரைக் காக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் விலங்குகளைத் தேவையின்றி வதைப்பது மனித மாண்புக்கே ஒவ்வாதது என்று மறைக்கல்வி நூல் 2418ஆம் எண்ணில் கூறுவதால், உணவுக்குள் மறைத்து வைக்கும் வெடிக்கு எந்த நியாயமும் கிடையாது. வாய் சிதறிய விலங்கு உண்ண முடியாமல் பல நாள் அலைந்தே சாகிறது.

காட்டின் நன்மையை நாடு முழுவதும் அனுபவிக்கும்போது அதற்கான செலவைக் காட்டோர விவசாயி மட்டும் சுமப்பது நீதியன்று என்பது என் துணிபு. வேலிக்கும் இழப்பீட்டுக்கும் நீங்கள் எழுப்பும் கோரிக்கை அறம் சார்ந்த கோரிக்கைதான். யானை ஊருக்குள் வருவதில் நமக்கும் பங்கு இருக்கிறது. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் உணவு தேடி வந்து பிளாஸ்டிக்கையும் பொலித்தீனையும் விழுங்கிய யானைகள் இறந்த செய்தி 2022இல் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. அந்தக் குப்பை காட்டில் முளைத்ததன்று, நம் வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் போனதுதான்.

கேள்வி: திருவிழாவுக்குப் பொலித்தீன் கொடிகள் கட்டலாமா?
– தாண்டவன்வெளி வாசகி

பதில்: கூடாது. சமய விழாக்கள் உட்பட எல்லா விழாக்களிலும் பொலித்தீன் அலங்காரம் 2017 செப்டெம்பர் முதல் இந்நாட்டில் சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது. ஆகவே இதற்குத் திருத்தந்தையின் சுற்றுமடல் வரை போக வேண்டியதில்லை. தென்னோலைத் தோரணமும் வாழையும் நமக்குப் புதியவையல்ல. நிறம் வேண்டுமென்றால் துணிக்கொடிகளைத் தைத்து, திருவிழா முடிந்ததும் துவைத்து மடித்து வையுங்கள். அடுத்த ஆண்டும் அவையே போதும்.