வோல்டேஜ் மாறவில்லை, பிழையும் வரவில்லை: டிரைவரைப் புதிதாக எழுத வேண்டுமா?

கேள்வி: புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் கன்ட்ரோலர் போர்டு செய்யும் சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். போர்டில் உள்ள ஒரு ரெகுலேட்டரை (வோல்டேஜை நிலையாகக் கொடுக்கும் சிப்) சோதிக்க லினக்ஸ் கர்னலின் விர்ச்சுவல் கன்ஸ்யூமர் டிரைவரைப் போட்டோம். குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டு கோப்பிலும் 1200000 (மைக்ரோவோல்ட், அதாவது 1.2 வோல்ட்) என்று எழுதினால் பிழை வருவதில்லை, திரும்பப் படித்தாலும் அதே எண்தான். மீட்டரில் மட்டும் 1.8 வோல்ட் அப்படியே நிற்கிறது. டிரைவர் சரியில்லை, புதிதாக எழுதித் தருகிறோம் என்று ஒரு கன்சல்டன்சி பெரிய தொகை கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். திருத்த வேண்டியது சில வரிகள்தான், அதையும் உங்கள் கையாலேயே செய்துகொள்ளலாம்.

இந்த டிரைவர் 2008-இல் வந்தது, ரெகுலேட்டர் பகுதியைப் பராமரிக்கும் மார்க் பிரவுன் எழுதியது. நிஜமான சாதனம் எதுவும் இல்லாமலே ரெகுலேட்டரிடம் "எனக்கு இத்தனை வோல்ட் கொடு" என்று கேட்கும், அவ்வளவுதான் அதன் வேலை. கோளாறு என்னவென்றால், நீங்கள் எழுதிய எண்ணை முதலில் தன்னிடம் வைத்துக்கொள்கிறது, அப்புறம்தான் ரெகுலேட்டரிடம் கேட்கிறது. ரெகுலேட்டர் முடியாது என்றால் கர்னல் லாக்கில் ஒரு வரி போட்டுவிட்டு, உங்களிடம் "சரி" என்று சொல்லிவிடுகிறது. அதனால் நீங்கள் திரும்பப் படிப்பது நீங்கள் கேட்ட எண், கிடைத்த வோல்டேஜ் இல்லை. 1.2 என்று புள்ளி வைத்து எழுதிப் பாருங்கள், அதையும் சத்தமில்லாமல் விழுங்கிவிடும், லாக்கில்கூட ஒன்றும் வராது.

ஆகவே முதலில் லாக்கைப் பாருங்கள். வோல்டேஜ் அமைக்க முடியவில்லை என்ற வரியின் கடைசியில் -1 இருந்தால் வோல்டேஜை மாற்றவே அனுமதி இல்லை என்று பொருள். டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் கோப்பு) அந்த ரெகுலேட்டருக்கு வோல்டேஜ் எல்லையே எழுதாமல் விட்டிருப்பார்கள், அல்லது குறைந்தபட்சமும் அதிகபட்சமும் ஒரே எண்ணாக இருக்கும். உங்கள் விஷயத்தில் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். -22 இருந்தால் நீங்கள் கேட்டது எல்லைக்கு வெளியே போகிறது, அல்லது அந்த ரெகுலேட்டரின் படிகளில் அப்படி ஒரு வோல்டேஜ் இல்லை. 25 மில்லிவோல்ட் படியில் ஏறும் சிப்பிடம் இரண்டு கோப்பிலும் 1210000 எழுதிக் கேட்டால் அது எங்கே போகும்?

இனி திருத்தம். எண்ணைப் படிக்கும் இடத்தில், படிக்க முடியாவிட்டால் பிழையைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். வோல்டேஜ் அமைக்கும் உள் செயற்கூறு இப்போது எதையும் திருப்புவதில்லை, அதை ஒரு எண் திருப்புவதாக மாற்றி, தோல்வி என்றால் பழைய மதிப்பை மீட்டு வைத்து, பிழையை எழுதினவரிடமே கொடுங்கள். குறைந்தபட்சம் அதிகபட்சத்தைவிட மேலே இருக்கும் நிலையை மட்டும் பிழையாக்கி விடாதீர்கள். இரண்டையும் ஒவ்வொன்றாகத்தான் எழுத முடியும் என்பதால் நடுவில் அப்படி ஒரு கணம் வரத்தான் செய்யும். கரன்ட் கோப்புகளுக்கும் இதே நோய், இதே மருந்து. மோடு கோப்பு தோற்றால் புது மதிப்பை வைத்துக்கொள்வதில்லை, ஆனால் பிழையை அதுவும் விழுங்கிவிடுகிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். -1 வந்ததும் பலர் செய்வது, ரெகுலேட்டர் சிப்பின் டேட்டாஷீட்டைத் திறந்து அதில் போட்டிருக்கும் 0.8 முதல் 3.3 வரை முழு எல்லையையும் டிவைஸ் ட்ரீயில் தூக்கிப் போடுவது. அது சிப்பால் முடிந்த எல்லை, உங்கள் போர்டு தாங்கும் எல்லை வேறு. அதே மின் லைனில் ஒரு சென்சார் தொங்கினால், அதன் டிரைவர் பெரும்பாலும் "ஆன் செய்" என்று மட்டும்தான் கேட்டிருக்கும், வோல்டேஜ் இத்தனை வேண்டும் என்று கேட்டிருக்காது. கேட்காதவனுக்காகக் கர்னல் வாதாடாது. நீங்கள் 3.3 கேட்டால் அதுவும் 3.3-ஐ வாங்கிக்கொண்டு போய்ச் சேரும். ஆகவே ஸ்கீமாட்டிக்கை விரித்து, அந்த லைனில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எல்லோரும் தாங்கும் எல்லையை மட்டும் எழுதுங்கள். பிராசசர் கோர், டி.டி.ஆர். மெமரி லைன்கள் பக்கமே போக வேண்டாம். கர்னலின் டீபக் கோப்புகளில் ரெகுலேட்டர் சுருக்கம் என்று ஒன்று உண்டு, எந்த லைனை யார் பிடித்திருக்கிறார்கள் என்று அதில் தெரியும். ஆனால் டிரைவர் இல்லாமல் சும்மா சோல்டர் ஆகி நிற்கும் சிப் அதில் வராது, அதற்கு ஸ்கீமாட்டிக்தான்.

இனி அந்தக் கன்சல்டன்சி விஷயம். இந்த ஆட்கள் கடைசியில் தருவது பெரும்பாலும் கம்பைல் செய்த ஒரே ஒரு மாட்யூல் கோப்பு. மூல நிரலைக் கேட்டால் "அது எங்கள் சொத்து" என்பார்கள். லினக்ஸ் கர்னல் ஜி.பி.எல். என்ற திறந்த மூல உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் வருவது. அதன் டிரைவரையே திருத்தி உங்களுக்குக் கொடுத்தால் மூலத்தையும் கொடுத்தாக வேண்டும். அடுத்த வருடம் கர்னலை மாற்றினால் அந்தக் கோப்பு ஏறாது, கட்டாயப்படுத்தி ஏற்றுங்கள் என்று போனில் யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். இதற்குப் பாதிக் காரணம் சிப் விற்பவர்கள். ஏதோ ஒரு பழைய கர்னலை எடுத்து ஆயிரம் பேட்ச் ஒட்டி ஜிப் செய்து கொடுத்துவிட்டு, கேள்வி கேட்டால் டிஸ்ட்ரிப்யூட்டரைப் பார் என்கிறார்கள். டிஸ்ட்ரிப்யூட்டர் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு என்கிறார், போட்டால் அதே பழைய பி.டி.எஃப். வருகிறது! நம் கல்லூரிகளோ ரெகுலேட்டரைப் பத்து மதிப்பெண் கேள்வியாகப் படம் வரைய வைத்து அனுப்பிவிடுகின்றன.

இன்னொன்று, சோதனை முடிந்ததும் இந்த டிரைவரை எடுத்துவிடுங்கள். வாடிக்கையாளருக்குப் போகும் போர்டில் இது இருக்கவே கூடாது. புதிய கர்னல்களில் இது ஏறும்போதே நட்சத்திரக் கட்டம் கட்டி எச்சரிக்கிறது, அந்த எச்சரிக்கையை மறைத்துக் கொடுக்கிறேன் என்று ஒருவர் வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

மீட்டரைக் கனெக்டரில் வைக்காமல் ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் அவுட்புட் கபாசிட்டரில் வையுங்கள். நம் கடற்கரை உப்புக்காற்றில் கனெக்டர் முள் சீக்கிரம் பச்சை பிடிக்கும், லோடு ஏறினால் அங்கேயே கொஞ்சம் வோல்டேஜ் போய்விடும். கர்னல் காட்டும் சிஸ்எஃப்எஸ் (sysfs) கோப்பில் தெரியும் மைக்ரோவோல்ட் எண்ணை அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பல டிரைவர்களில் அது ரெஜிஸ்டரில் எழுதியிருப்பதன் கணக்கு மட்டுமே. ரிப்பிள் (வோல்டேஜில் வரும் சிறு அலை), திடீர் லோடில் சரிவு இதெல்லாம் பார்க்க ஆசிலோஸ்கோப்தான் வேண்டும், டிரைவரை எவ்வளவு திருத்தினாலும் அது தெரியாது.

திருத்தின பிறகு பேட்சை மெயின்லைனுக்கும் (கர்னலின் பொதுவான மூலம்) அனுப்பிப் பாருங்கள். கர்னல் மூலத்திலேயே யாருக்கு அனுப்புவது என்று சொல்லும் ஸ்கிரிப்ட் இருக்கிறது, காசு கிடையாது.