ஆற்றுக்காக யார் வழக்குப் போடலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சாயக்கழிவு கலக்கும் ஆற்றங்கரையில் எனக்கு நிலமும் இல்லை, வீடும் இல்லை. வெளியூர்க்காரன் வழக்குப் போட முடியுமா?

முடியும். சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே உள்ளது தேசிய பசுமைத் தீர்ப்பாயம். அதற்கான தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010-இன் 18(2) பிரிவு, யார் யார் அங்கே மனுச் செய்யலாம் என்று பட்டியல் தருகிறது. கேடு நேர்ந்தவர், சொத்தின் உரிமையாளர், இறந்தவரின் வாரிசு ஆகியோரோடு ‘பாதிக்கப்பட்ட எந்த நபரும்’ அதில் வருகிறார், அமைப்புகளும் வரலாம். இந்தச் சொற்களுக்குத் தீர்ப்பாயம் தாராளமாகவே பொருள் கொண்டிருக்கிறது. கரையில் பட்டா உண்டா என்று கேட்டுக் கதவைச் சாத்துவதில்லை.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. 1972-இல் கலிஃபோர்னியாவின் மினரல் கிங் பள்ளத்தாக்கைக் காக்கப் போன சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. தன் உறுப்பினர் யாருக்கு என்ன கேடு என்று அது சொல்லவில்லை என்பதே காரணம். நம் அரசியலமைப்பின் 51-ஏ(ஜி) பிரிவோ இயற்கையைக் காப்பதை ஒவ்வொரு குடிமகனின் கடமையாக்குகிறது. ஆறும் காடும் அரசின் உடைமை அல்ல, அரசு அவற்றுக்கு அறங்காவலர் மட்டுமே என்று 1996-இல் கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அறங்காவலர் தவறினால் பயனாளி கேட்கலாம். ஆற்றுக்குப் பயனாளி எல்லோரும்தான்.

ஆனால் சொந்தப் பகையைப் பொதுநலமாக வேடமிட்டுக் கொண்டுபோகாதீர்கள். தூய நீரும் காற்றும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 1991-இல் சொன்ன சுபாஷ் குமார் தீர்ப்பே, அந்த மனுவைச் சுயநல வழக்கு என்று செலவுத்தொகையோடு தள்ளுபடி செய்தது.

கல்குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. இப்போது எதிர்க்கலாமா?

பெரும்பாலான மனுக்கள் விழுவது இந்த இடத்தில்தான். அனுமதியை எதிர்ப்பது பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின் கீழான மேல்முறையீடு. அதற்கு 30 நாள். தக்க காரணம் காட்டினால் கூடுதலாக 60 நாள். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளத் தனி மனுப் போட வேண்டும். 91-ஆம் நாள் போனால், காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் ஏற்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமே இல்லை.

நாள் எண்ணத் தொடங்குவது ஆணை உங்களுக்குத் ‘தெரிவிக்கப்பட்ட’ நாளிலிருந்து. உங்கள் காதுக்குச் செய்தி எட்டிய நாளை அது குறிக்காது. அனுமதி பெற்றவர் அதைச் செய்தித்தாள்களில் விளம்பரம் செய்ய வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. ஆகவே முதல் வேலை, விளம்பரம் வந்ததா, என்று வந்தது, ஆணை இணையத்தில் ஏறியது எப்போது என்று சான்றோடு பிடிப்பது. விளம்பரமே வரவில்லையென்றால் உங்கள் வாதத்துக்குப் பிடி கிடைத்துவிட்டது.

அது கைகூடாவிட்டால், குவாரி அனுமதியின் நிபந்தனைகளை மீறுகிறதா என்று பாருங்கள். மீறலுக்கு எதிராக 14-ஆம் பிரிவில் போகலாம்: ஆறு மாதம், மேலும் 60 நாள். இழப்பீடும் சீரமைப்பும் கேட்கும் 15-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு, மேலும் 60 நாள். இரண்டிலும் காலம் ஓடுவது வழக்குமூலம், அதாவது வழக்குக்கான காரணம், ‘முதன்முதலில்’ எழுந்த நாளிலிருந்து என்பதால், ‘மாசு இன்றும் தொடர்கிறது’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் போதாது. புதிய மீறல் ஒவ்வொன்றையும் தேதியோடு எழுதுங்கள். அனுமதியையே ரத்து செய்யச் சொல்லும் கோரிக்கையை 14-க்குள் மறைத்து வைத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே அதைத்தான் பிடிப்பார்.

யானை வழித்தடத்தில் கட்டடம் எழும்புகிறது. பசுமைத் தீர்ப்பாயம் விசாரிக்குமா?

தீர்ப்பாயச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள சட்டங்கள்தான் அதன் எல்லை: நீர், காற்று, சுற்றுச்சூழல் பாதுகாப்பு, வனப் பாதுகாப்பு, உயிரியல் பன்முகத்தன்மை முதலியவை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதில் இல்லை. உங்கள் குறை அந்தச் சட்டத்தை மட்டும் நம்பியிருந்தால் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் போங்கள். தீர்ப்பாயம் வந்ததால் அரசுக்கு ஆணையிட உயர் நீதிமன்றத்துக்கு அந்தப் பிரிவு தரும் ‘ரிட்’ அதிகாரம் போய்விடவில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஆறே தன் பெயரில் வழக்குப் போட முடியாதா?

கங்கையும் யமுனையும் சட்டநபர்கள், அதாவது மனிதரைப் போலச் சட்ட உரிமை உள்ளவை என்று உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2017 மார்ச்சில் சொன்னது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இயற்கை அன்னைக்கே அந்தத் தகுதியை வழங்கியது.

இது நமக்கு அந்நியமான கருத்து அல்ல. கோயில் மூர்த்தி சொத்து வைத்திருக்கலாம், வழக்குத் தொடரலாம். அதற்காகப் பேச ஒருவர் இருந்தால் போதும். சிக்கல் அந்தப் ‘பேசுபவர்’ யார் என்பதில்தான். நியூசிலாந்து 2017-இல் வாங்கானுயி ஆற்றுக்குத் தனிச் சட்டம் இயற்றியபோது, அங்குள்ள பூர்வகுடிகளான மாவோரியர் தரப்பில் ஒருவர், அரசுத் தரப்பில் ஒருவர் என இரண்டு பிரதிநிதிகளையும் நியமிக்க வழிசெய்தது. இங்கே தீர்ப்பு வந்தது, அப்படியொரு தனிச் சட்டம் வரவில்லை. வெள்ளத்தில் சேதமானால் ஆற்றின் மீது வழக்கு வருமே, பணம் யார் கொடுப்பது என்று உத்தராகண்ட் அரசு கேட்டதும் நியாயமான கேள்விதான். எனவே இன்றைக்கு உங்கள் பெயரிலேயே மனுச் செய்வது பாதுகாப்பானது.

பாட்டிலில் பிடித்த தண்ணீர் சாட்சியமாகுமா?

ஆலையைத் தண்டிக்க ஆகாது. நீர் மாசைத் தடுக்கும் நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர் ஆலைக்கு அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை அங்கேயே இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் மாதிரி அடிபடலாம். உங்கள் பாட்டிலும், தேதியும் இடக்குறியும் பதிந்த படங்களும் வேறு வேலைக்கு உதவும்: தீர்ப்பாயத்தை ஆய்வுக் குழு அமைக்கத் தூண்டும். ஆலை இயங்க வாரியம் தரும் இசைவாணையின் நிபந்தனைகளையும் வாரியத்தின் ஆய்வறிக்கைகளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் முதலில் வாங்குங்கள். பதிலுக்கு 30 நாள் என்பதைக் காலவரம்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாசுபடுத்தியவர் பணம் கட்டினால் சரி என்றால், காசு கொடுத்துக் கெடுக்கலாம் என்று ஆகாதா?

அபராதத்தோடு நின்றால் அப்படித்தான் ஆகும். தோல் தொழிற்சாலைகள் பற்றிய 1996-ஆம் ஆண்டு வேலூர் குடிமக்கள் நல மன்றத் தீர்ப்பு, பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீட்டோடு கெட்ட நிலத்தையும் நீரையும் மீட்கும் செலவையும் மாசுபடுத்தியவர் தலையில் வைத்தது. கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் தொழில் நடத்துபவருடையது என்றது. மனுவில் இழப்பீடு மட்டும் கேட்காமல் சீரமைப்பையும் தனிக் கோரிக்கையாகக் கேளுங்கள்.

செலவு எவ்வளவு?

இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ரூ.1,000. இழப்பீடு கேட்டால் அந்தத் தொகையில் 1 சதவீதம், குறைந்தது ரூ.1,000, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு விலக்கு உண்டு. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். நடவடிக்கை ஆங்கிலத்தில் நடப்பதால் தமிழ் ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். தமிழ்நாட்டு வழக்குகளைச் சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வு விசாரிக்கிறது.